‘டாக்டர்’ என்னும் சொல் – பொருளும் வழக்கும்



தமிழ்ப் பேராசிரியர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. பட்டம் பெற்ற மகிழ்ச்சியில் ஒரு பேராசிரியர் தம் வீட்டு வாயிலில் ‘டாக்டர்’ என்று பெயர்ப்பலகை மாட்டினார். சில நாள் கழித்து, நள்ளிரவில், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு தாய் வந்து கதவைத் தட்டினாள். “ஐயா, பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, ஓர் ஊசி போடுங்கள்” என்றாள். “அம்மா, நான் அந்த டாக்டர் இல்லை, தமிழ் டாக்டர்” என்றார் பேராசிரியர். “தமிழ் மருந்தாயிருந்தாலும் பரவாயில்லை ஐயா, கொடுங்கள்” என்றாளாம் அந்தத் தாய்.

கேட்டோர் சிரிப்பர். சிரித்து முடித்தபின் எஞ்சி நிற்பவை இரண்டு. ஒன்று, வெறுங்கையோடு திரும்பிப் போகும் அந்தத் தாய். மற்றொன்று, இச்சொல் உண்மையில் யாருக்கு உரியது என்னும் வினா. தாய் கேட்ட பொருளில் அது மருத்துவருக்கு உரியது. பேராசிரியர் எழுதிய பொருளில் ஆசிரியருக்கு உரியது. இவ்விருவரில் மூத்த உரிமை யாருடையது? ஒரே சொல் இருவர்க்கும் பொதுவானது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண முயலும்போது, ஒரு சொல்லின் வரலாறு மட்டுமன்றி, நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே இருக்கவேண்டிய உறவின் இலக்கணமும் புலப்படுகின்றது.

வேரும் கிளையும்

‘டாக்டர்’ என்பது ஆங்கிலத்தில் பிறந்த சொல்லன்று, இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீனில் ‘டொகேரெ’ என்னும் வினைக்குக் ‘கற்பித்தல்’ என்பது பொருள். கற்பிப்பவன் ‘டொக்டோர்’. நோய், மருந்து, நாடி, கத்தி ஆகிய எவற்றின் சாயலும் இவ்வேரில் இல்லை.

இவ்வேரிலிருந்து கிளைத்த பிற சொற்களையும் நோக்கினால் இது தெளிவாகும். கற்பிக்கப்படும் கோட்பாடு ‘டாக்ட்ரின்’ எனப்பட்டது. இன்று ஆவணம் என்று பொருள்படும் ‘டாக்குமெண்ட்’ என்னும் சொல்லுக்கு முதற்பொருள் பாடம், படிப்பினை என்பது. எளிதில் கற்பிக்கத்தக்கவனைக் குறித்த ‘டொசைல்’ என்னும் சொல் பின்னர் ‘சொன்னதைக் கேட்டு அடங்கி நடப்பவன்’ என்னும் பொருளுக்கு இறங்கிற்று. கற்றுக்கொள்ளும் ஆற்றலைக் குறித்த சொல், கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்த இம்மாற்றத்தை அவையோர் நினைவில் இருத்துதல் நலம்.

ஆங்கிலத்தில் இச்சொல் 1300ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நுழைந்தபோது, கிறித்தவத் திருச்சபையின் பேராசான்களையே முதலில் குறித்தது. அம்புரோசு, அகுஸ்தீன், செரோம், கிரகோரி ஆகிய நால்வரும் மேலைத் திருச்சபையின் ‘டாக்டர்கள்’ எனப் போற்றப்பட்டனர். இவர்களுள் எவரும் மருத்துவத் தொழிலினர் அல்லர். இப்பட்டம் இன்றும் வழக்கில் உள்ளது. கத்தோலிக்கத் திருச்சபை 1970ஆம் ஆண்டில்தான் முதன்முறையாகப் பெண்களுக்கு இதனை வழங்கிற்று; அவிலாவின் தெரேசாவும் சியன்னாவின் கத்தரீனும் அவ்வாண்டில் ‘டாக்டர்’ ஆயினர். 2012இல் இப்பட்டம் பெற்ற பிங்கனின் இல்டகார்டு, 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி. மூலிகைகளைப் பற்றியும் நோய்களைப் பற்றியும் எழுதியவர். சமய ஆசானாகவும் மருந்தறிந்தவராகவும் விளங்கிய அவரிடத்தில் இச்சொல்லின் இருபொருளும் ஒருங்கே பொருந்துகின்றன.

பட்டமும் உரிமமும்

இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ‘டாக்டர்’ என்பது அலங்காரப் பட்டமன்று. அது ஓர் உரிமம். இவர் கற்று முடித்தார், இனிப் பிறர்க்குக் கற்பிக்கலாம் என்று அவை அளித்த ஒப்புதலே அது. சட்டம், இறையியல், மருத்துவம் ஆகிய மூன்று உயர்துறைகளிலும் இவ்வொப்புதல் வழங்கப்பட்டது. ஆகவே மருத்துவத் துறையில் இப்பட்டம் பெற்றவர், நோய் தீர்க்க வல்லவர் என்பதற்காக ‘டாக்டர்’ எனப்படவில்லை. மருத்துவத்தைக் கற்பிக்க வல்லவர் என்பதற்காகவே அவ்வாறு அழைக்கப்பட்டார்.

இப்பட்டம் கற்பிக்கும் உரிமையாகக் கருதப்பட்டமைக்கு இத்தாலியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நற்சான்று. வெனிசு நகரத்து உயர்குடியில் பிறந்த எலினா கொர்னாரோ பிசுகோபியா பன்மொழிப் புலமை மிக்கவர். பாதுவா பல்கலைக்கழகத்தில் இறையியல் டாக்டர் பட்டத்திற்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, அந்நகர ஆயர் மறுத்தார். இறையியலில் டாக்டர் என்றால் இறையியலைக் கற்பிப்பவர். பெண் அதனைக் கற்பித்தல் ஆகாது என்பதே மறுப்பின் சாரம். முடிவில் மெய்யியல் துறையில் பட்டம் வழங்க இசைந்தனர். 1678 சூன் 25ஆம் நாள், கூட்டம் பெருகியதால் பல்கலைக்கழக மண்டபத்தை விடுத்துப் பேராலயத்திலேயே விழா நடைபெற்றது. நூல், மோதிரம், தோளாடை, வாகைமாலை ஆகியவை அவருக்கு அணிவிக்கப்பட்டன. ஐரோப்பாவில் மற்றொரு பெண் இச்சிறப்பை எய்த 1732 வரை காத்திருக்க நேர்ந்தது. பொலோஞாவில் அப்பட்டம் பெற்ற லோரா பாசி, இயற்பியல் கற்பித்தவர்.

பெண் படிக்கலாம், படித்ததைப் பிறர்க்கு உரைக்கலாகாது என்று கருதிய காலம் அது. ‘டாக்டர்’ என்னும் சொல்லுக்குள் ‘உரைத்தல்’ என்னும் பொருள் எத்துணை உயிரோடு இருந்தது என்பதை அந்த மறுப்பே காட்டிவிடுகின்றது.

மருத்துவருக்கு உரியதான வரலாறு

பழைய ஆங்கிலத்தில் மருத்துவரைக் குறித்த சொல் ‘லீச்’. இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் இதே பெயர் வழங்கியது. பிரெஞ்சு வழியாக வந்த ‘பிசீசியன்’ என்னும் சொல், இயற்கை என்று பொருள்படும் கிரேக்க மூலத்தைக் கொண்டது. இயற்கையின் இயல்பை அறிந்தவர் என்பது அதன் உட்பொருள். அறுவை மருத்துவரைக் குறிக்கும் ‘சர்ஜன்’ என்பதும் கிரேக்கம் வழி வந்ததே. ‘கைவினை செய்பவர்’ என்பது அதன் நேர்பொருள். இவற்றின் நடுவே, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவரையும் ‘டாக்டர்’ என அழைக்கும் வழக்கு ஆங்கிலத்தில் இடம்பெற்றது. சாசரின் காண்டர்பரிக் கதைகளில் வரும் பயணிகளுள் ஒருவர் ‘பிசிக்’ எனப்பட்ட மருத்துவக் கலையின் டாக்டர். துறையின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் அன்று பொருள் விளங்கிற்று என்பது நோக்கத்தக்கது. காலப்போக்கில் அடைமொழி உதிர்ந்தது. ‘டாக்டர்’ என்று சொன்னாலே மருத்துவர் என்னும் நிலை உருவாயிற்று. இறையியல் டாக்டரையும் சட்ட டாக்டரையும் எளிய மக்கள் நாள்தோறும் நாடவேண்டிய தேவை இல்லை. நோயோ எல்லார் வீட்டுக் கதவையும் தட்டும். மக்கள் மிகுதியாக எவரை அழைத்தனரோ அவரிடமே சொல் தங்கிவிட்டது.

இங்கிலாந்தில் அறுவை மருத்துவர் இன்றும் ‘டாக்டர்’ எனப்படாமல் ‘மிஸ்டர்’ என அழைக்கப்படுவது அயலார்க்கு வியப்பளிப்பது. பல்கலைக்கழகத்தில் பயின்ற மருத்துவர்க்கு 1518லேயே தனிக் கழகம் அமைந்தது. அறுவை மருத்துவரோ 1540இல் முடிதிருத்துவோருடன் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர், 1745இல்தான் பிரிந்தனர். அவர்கள் பட்டம் பெற்றுக் கற்றவர் அல்லர். ஆசானிடம் கைப்பழக்கத்தால் தேர்ந்தவர். ஆதலின் ‘டாக்டர்’ என்னும் அடைமொழி அவர்க்குக் கிட்டவில்லை. பிற்காலத்தில் அவர்களும் பல்கலைக்கழகம் ஏறினர். ஆயினும், ஒருகாலத்தில் தாழ்வின் அடையாளமாயிருந்த ‘மிஸ்டர்’ என்பதையே பெருமிதத்தின் அடையாளமாக்கிக்கொண்டனர்.

தமிழர்க்கு இவ்வரலாறு அயலானதன்று. ‘பண்டிதர்’ என்னும் சொல்லை நோக்குக. கற்றறிந்த புலவர் பண்டிதர், மருத்துவரும் பண்டிதர், முடிதிருத்தும் மரபினரும் பண்டிதர் எனப்பட்டனர். அம்மரபினருள் ஆடவர் புண்ணுக்கும் கட்டிக்கும் மருந்திட்டனர். பெண்டிர் ‘மருத்துவச்சி’ எனப் பெயர் பெற்று ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் உலகுக்குக் கொணர்ந்தனர். சித்த மருத்துவராகவும் சிந்தனையாளராகவும் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர், தஞ்சையில் மருத்துவம் செய்துகொண்டே 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் இசைப்பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் ஆகியோர் பெயரோடு ஒட்டிய ‘பண்டிதர்’ என்னும் சொல் புலமையைச் சுட்டுகின்றதா, மருத்துவத்தைச் சுட்டுகின்றதா என்று பிரித்துரைத்தல் அரிது. ‘டாக்டர்’ என்பதன் இரட்டைப் பொருளை எந்த மொழிபெயர்ப்பும் இன்றித் தமிழகத்தில் முன்னரே தாங்கி நின்ற சொல் அது.

ஒவ்வொரு மொழியும் மருத்துவரை ஒவ்வொரு பக்கத்திலிருந்து பார்த்துப் பெயரிட்டிருக்கிறது. வடமொழி வழிவந்த ‘வைத்தியர்’ என்பது அறிவைச் சுட்டும் வேரினது. அறிந்தவர் என்பது பொருள். தமிழின் ‘மருத்துவர்’ மருந்தோடு உறவுடையது. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவரைத் ‘தீர்ப்பான்’ என்று குறிக்கிறார். அது செயலின் பயனால் அமைந்த பெயர். சப்பானிய மொழியில் ஆசிரியரையும் மருத்துவரையும் ‘சென்செய்’ என்னும் ஒரே சொல்லால் அழைக்கின்றனர். ‘டாக்டர்’ என்பதன் பழம்பொருள் அங்கு இன்றும் அன்றாட வழக்கில் வாழ்கின்றது எனலாம்.

முறையும் மரியாதையும்

இன்னொரு முரணும் உண்டு. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் மருத்துவக் கல்லூரியில் பயின்று வெளிவருவோர் பெறும் எம்.பி.பி.எஸ். என்பது, பட்டத்தின் சொற்படி, மருத்துவத்திலும் அறுவையிலும் ‘இளநிலை’. அதாவது அவர் ‘டாக்டர்’ எனப்படுவது மரபும் மரியாதையும் பற்றியே. ஆய்வேடு அளித்து மெய்யியல் டாக்டர் என்னும் பிஎச்.டி. பெற்றவரே பட்டத்தின் முறைப்படி டாக்டர். செருமானியப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த இவ்வாய்வுப் பட்டம் அமெரிக்காவில் 1861இல் யேல் பல்கலைக்கழகத்திலும், இங்கிலாந்தில் 1917க்குப் பின்னரும் வேரூன்றிற்று. உ. வே. சாமிநாதையர்க்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. 1948இல் ஆய்வுப் பட்டம் பெற்ற மு. வரதராசனார் ‘டாக்டர் மு. வ.’ என்றே தமிழ் வாசகர் நெஞ்சில் நிலைத்தார்.

கதையில் வரும் பேராசிரியர் பெயர்ப்பலகையில் எழுதியது பிழையன்று. அந்தத் தாய் கதவைத் தட்டியதும் பிழையன்று. சட்டம் பேராசிரியர் பக்கம். வழக்கு தாயின் பக்கம். மொழியில் வழக்கே வெல்லும் என்பதை அவையோர் அறிவர்.

இக்குழப்பம் தீரவே தமிழில் ‘முனைவர்’ என்னும் சொல் ஆய்வுப் பட்டத்திற்கு உரியதாக்கப்பட்டது. தொல்காப்பிய மரபியலில், வினையினின்று நீங்கித் தெளிந்த அறிவினனாய் முதல்நூல் கண்டவனைக் குறிக்கும் ‘முனைவன்’ என்னும் சொல்லை நினைவூட்டும் பெயர் இது. ஆங்கிலம் ஒரே சொல்லில் திணித்து வைத்ததைத் தமிழ் மருத்துவர் என்றும் முனைவர் என்றும் இரண்டாகப் பிரித்துத் தெளிவு தந்தது. தெளிவு கிடைத்தது உண்மை; ஆயினும் மருத்துவருக்கும் கற்பித்தலுக்கும் இருந்த பழைய உறவை நினைவூட்டும் கயிறும் அத்துடன் அறுந்தது.

வினையாகும்போது

பெயர்ச்சொல்லாக நிற்கும்போது பெருமையுடைய இச்சொல், ஆங்கிலத்தில் வினையாகும்போது தடம் மாறுகின்றது. மருத்துவம் செய்தல் என்பது அதன் முதற்பொருள். அதிலிருந்து பழுது பார்த்தல் என்னும் பொருளும், பழுதைப் பூசி மறைத்தல் என்னும் பொருளும், முடிவில் கலப்படம் செய்தல், பொய்யாகத் திருத்துதல் என்னும் பொருள்களும் பிறந்தன. திருத்தப்பட்ட கணக்கையும், கலப்படம் செய்யப்பட்ட மதுவையும், ஒரு சார்பினர்க்கு ஏற்பச் சமைக்கப்பட்ட ஆடுகளத்தையும் இவ்வினையாலேயே குறிப்பர். வளர்ப்பு விலங்குக்குக் கருத்தடை செய்வதையும் இதே வினையால் நாகரிகமாகச் சொல்வது இங்கிலாந்து வழக்கு. அரசியலில் செய்தியைத் தம் பக்கம் சாய்த்துரைப்போரை ‘ஸ்பின் டாக்டர்’ என்று 1980களில் அமெரிக்கர் அழைக்கத் தொடங்கினர்.

நல்வழக்கும் இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கோடை நண்பகலின் வெம்மைக்குப் பின் கடலிலிருந்து வீசும் குளிர்காற்றுக்குப் ‘பிரீமாண்டில் டாக்டர்’ என்று பெயர். அந்நகரின் வாக்கா மைதானத்துக் கிரிக்கெட் வருணனையைக் கேட்டோர் இப்பெயரை அறிந்திருப்பர். பாய்மரக் கப்பல்களில் சமையற்காரரை ‘டாக்டர்’ என அழைத்த மாலுமிகளும் இருந்தனர். பசி தீர்ப்பவனும் வெம்மை தணிப்பவனும் டாக்டரே என்று எளிய மக்கள் கண்ட உவமை, அகராதிக்காரரின் வரையறைக்குத் தாழ்ந்ததன்று.

இருவகை மருத்துவர்

சொல்லின் வேர்ப்பொருளை மருத்துவர் மறத்தல் பெருங்குறையா என்று கேட்கலாம். இதற்கு விடை, இலத்தீன் ‘டாக்டர்’ மருத்துவரை அடைவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே, கிரேக்க மொழியில் எழுதப்பட்டுவிட்டது. பிளேட்டோ ‘சட்டங்கள்’ என்னும் தம் நூலில் இருவகை மருத்துவரைக் காட்டுகிறார். அடிமைகளுக்கு மருத்துவம் செய்பவன் ஒருவகை. அவன் நோயாளியிடம் காரணம் கேட்பதில்லை, சொல்வதுமில்லை; கொடுங்கோலனைப் போல் கட்டளையிட்டுவிட்டு அடுத்தவனிடம் ஓடுகிறான். உரிமை மாந்தர்க்கு மருத்துவம் செய்பவன் மற்றொரு வகை. அவன் நோயாளியோடும் உறவினரோடும் உரையாடுகிறான். அவரிடமிருந்து தானும் கற்கிறான். இயன்ற அளவு அவர்க்குக் கற்பிக்கிறான். அவர் உளம் இசையும்வரை மருந்தை விதிப்பதில்லை. அதே நூலில் பிறிதோரிடத்தில், முதல்வகையினன் இரண்டாம் வகையினனைப் பார்த்து நகைப்பதாகவும் ஒரு குறிப்பு வருகின்றது: நோயாளியை நீ குணப்படுத்தவில்லை, அவனை மருத்துவனாக்குவது போலப் பாடம் நடத்துகிறாய் என்பது அந்நகைப்பின் கருத்து.

அந்நகைப்பு இன்றும் ஓயவில்லை. நேரமில்லை, சொன்னாலும் விளங்காது, விளங்கினாலும் பயனில்லை என்னும் மூன்று வாக்கியங்களாக அது மருத்துவமனைகளில் கேட்கின்றது.

விளங்காத மொழியையே புலமையாகக் காட்டும் போக்கைப் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் 1673இல் எள்ளி நகையாடினார். ‘கற்பனை நோயாளி’ என்னும் அவர் நாடகத்தின் இறுதியில், டாக்டர் பட்டம் பெற வரும் மாணவனிடம் அபின் ஏன் உறக்கம் தருகிறது என்று வினவுகின்றனர். அதனிடம் உறக்கம் தரும் ஆற்றல் உள்ளது, ஆதலால் தருகிறது என்று இலத்தீனில் விடையிறுக்கிறான். அவை ஆர்ப்பரித்து அவனுக்குப் பட்டம் சூட்டுகின்றது. நோயாளியாக நடித்த மோலியேர் அந்நாடகத்தின் நான்காம் அரங்கேற்ற நாளில் மேடையிலேயே உண்மையாக நோயுற்று, அன்றிரவே உயிர்நீத்தார். அவர் நகைத்த வழக்கு அவரோடு மறையவில்லை. காரணம் அறியப்படாத நோயை ‘இடியோபதிக்’ என்கின்றனர். தனக்கே உரிய நோய் என்பது அக்கிரேக்கத் தொடரின் பொருள். குறிப்பிட்ட காரணம் புலப்படாத இரத்த அழுத்தத்திற்கு ‘எசென்ஷியல்’ என்னும் அடைமொழி வழங்கிவந்துள்ளது. அன்றாட ஆங்கிலத்தில் அதற்கு இன்றியமையாதது என்று பொருள்!

சொல் விளங்காமையால் அச்சமும் இடரும் விளைகின்றன. ‘பாசிட்டிவ்’ என்றால் நல்லது என்று பள்ளியில் படித்தவர், தேடிய நோய் இருக்கிறது என்பதையே ஆய்வுக்கூடம் அவ்வாறு எழுதுவதை அறியார். ‘கிரானிக்’ என்பதற்கு நெடுநாள் நீடிப்பது என்பதே பொருள். கடுமையானது என்று எண்ணி நடுங்குவோர் பலர். காசநோய்க்கான வழக்கமான மருத்துவம் ஆறு மாதம் தொடரவேண்டும். சில வாரங்களில் இருமல் நின்றுவிடும். நின்றபின்னும் ஏன் விழுங்கவேண்டும் என்பதை எவரும் கற்பிக்காவிடில், மாத்திரை இடையில் நின்றுபோகும். எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கும் வலிமை பெறலாம். இங்கே விளக்கம் சொல்லுதல் மருத்துவத்திற்கு அணிகலனன்று; மருத்துவத்தின் ஓர் உறுப்பு. ‘டொசைல்’ என்னும் சொல்லைப் போலவே நோயாளியும் கற்கவல்லவர் என்னும் நிலையிலிருந்து அடங்கி நடப்பவர் என்னும் நிலைக்கு இறக்கப்பட்டால், மருந்துச் சீட்டு கையில் இருக்கும். நோயும் உடலில் இருக்கும்.

தமிழில் கற்பித்த டாக்டர்

‘டாக்டர்’ என்னும் சொல்லின் இரு பொருளையும் ஒருங்கே தாங்கிய ஒருவர் தமிழ் மண்ணில் வாழ்ந்திருக்கிறார். அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் மருத்துவ ஊழியராக யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றினார். நோய் தீர்த்ததோடு அவர் நிற்கவில்லை. உள்ளூர் இளைஞர்க்கு மேலை மருத்துவம் பயிற்றினார். முதலில் ஆங்கில வழியில் கற்பித்தவர், ஊர் மக்களுக்கு ஊர் மொழியில் மருத்துவம் கற்றவரே பயன்படுவர் என்று தெளிந்து, 1864 முதல் தமிழில் கற்பிக்கலானார்.

கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். உடற்கூற்றியலை ‘அங்காதிபாதம்’ என்றும், உடலியங்கியலைச் ‘சுகரணம்’ என்றும் வழங்கினார். வேதியியலைக் ‘கெமிஸ்தம்’ என்று தமிழ் ஈறு கொடுத்து ஏற்றுக்கொண்டார். ‘இரணவைத்தியம்’ 1867லும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872லும், ‘கெமிஸ்தம்’ 1875லும் வெளிவந்தன. மாணவர் துணையோடு அமைந்த இம்மொழிபெயர்ப்புகள் பல ஆயிரம் பக்கங்கள் கொண்டவை. இக்கலைச்சொற்களுள் பல இன்று வழக்கிழந்தன. தனித்தமிழ் நோக்கில் குறை காண்போரும் உளர். ஆயினும் சொல் இல்லை என்று காரணம் காட்டிக் கற்பிக்காமல் இருந்துவிடவில்லை என்பதே அவர் பெருமை. 1884இல் தாய்நாட்டில் மறைந்த அவர், தம் கல்லறைக் கல்லில் தமிழர்க்குரிய மருத்துவ ஊழியர் என்று பொறிக்குமாறு விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

பட்டமில்லாக் கற்பிப்போர்

கிறீன் மருத்துவராகத்தக்கவர்க்குக் கற்பித்தார். நோயாளியின் வீட்டாருக்கே கற்பித்தால் என்ன விளையும் என்பதை வங்காள மண் காட்டிற்று. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவிற்று. மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் பணியாற்றிய திலீப் மகலனாபிஸ், நரம்பு வழி ஏற்றும் நீர்மம் தீர்ந்த நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் குடிநீராகக் கொடுக்கச் செய்தார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளியின் உறவினரே. நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கிற்று. ‘லான்செட்’ மருத்துவ இதழ் 1978இல், இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த மருத்துவ முன்னேற்றமாக இஃது அமையக்கூடும் என்று எழுதியது.

இக்கண்டுபிடிப்பைச் சிற்றூர்ச் சமையலறை வரை கொண்டுசென்றவர் மருத்துவர் அல்லர். வங்கதேசத்தின் ‘பிராக்’ நிறுவனம் 1980 முதல் 1990 வரை பெண் ஊழியர்களை வீடுவீடாக அனுப்பி, 1 கோடியே 20 லட்சம் வீடுகளில் தாய்மாருக்கு அக்கரைசலைச் செய்யக் கற்பித்தது. மூன்று விரல் அளவு உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர்: இதுவே பாடம். பிறிதொரு நாள் வேறொருவர் சென்று, தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று சோதித்து, அதற்கேற்பவே கற்பித்தவருக்கு ஊதியம் வழங்கினர். மாணவி கற்றால்தான் ஆசிரியைக்குக் கூலி என்னும் இம்முறை பல்கலைக்கழகங்களும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அந்த ஊழியப் பெண்களை எவரும் ‘டாக்டர்’ என்று அழைக்கவில்லை. ஆயினும் சொல்லின் வேர்ப்பொருளை நோக்கினால் அவர்களே டாக்டர்கள். பாதுவாவில் ஒரு பெண்ணுக்கு மறுக்கப்பட்ட கற்பிக்கும் உரிமையை, மூன்று நூற்றாண்டுக்குப் பின், எழுத்தறிவு குறைந்த தாய்மாரின் அடுப்பங்கரையில் பெண்களே கையிலெடுத்துக் குழந்தைகளின் உயிர் காத்தனர்.

முடிவுரை

மீண்டும் அந்தப் பெயர்ப்பலகைக்கு வருவோர்க்கு ஒன்று புலனாகும். ‘டாக்டர்’ என்னும் சொல் மருத்துவருக்கு ஆசிரியர் கொடுத்த கடன். கடன் பெற்றவர் செல்வரானார். கொடுத்தவர் ‘முனைவர்’ என்று வேறு பெயர் பூண்டார். அதில் இழுக்கில்லை. கடனுக்கு வட்டியாக மருத்துவர் செலுத்தவேண்டியது ஒன்றே: நோயாளிக்கு அவர் நோயை, அவர் மொழியில், அவருக்கு விளங்கும்வரை எடுத்துச் சொல்லுதல்.

முனைவர்க்கும் ஒரு கடன் உண்டு. மருத்துவர் சொல்ல விழைந்தும் சொல் கிட்டாமல் தடுமாறும் இடங்களில், எளிய தமிழ்ச்சொல்லைத் தேடித் தருதல் அவர் பணி. ஆய்வேட்டில் உறங்கும் கலைச்சொல்லைவிட, மருந்துச் சீட்டில் எழுதப்பட்டுத் தாயால் படிக்கப்படும் சொல்லே உயிருள்ளது. இவ்விருவரும் கைகோத்தால்தான் சொல்லின் இருபாதியும் மீண்டும் இணையும்.

நள்ளிரவில் கதவைத் தட்டிய அந்தத் தாய்க்குப் பேராசிரியரால் ஊசி போட்டிருக்க இயலாது. ஆனால் குழந்தைக்கு நீர் கொடுக்கச் சொல்லி, எந்த மருத்துவமனை அந்நேரம் திறந்திருக்கும் என்று எடுத்துரைத்து, உடன் நடந்து சென்றிருக்க இயலும். அவ்வாறு செய்திருந்தால், பெயர்ப்பலகையில் எழுதியிருந்த சொல் அன்றிரவு பொய்த்திராது.